விரல் வைத்த இடம்

சுகந்தியின் கன்னத்து மங்கு மறைந்துவிட்டது. இனி அந்தக் களிம்பைத் தடவவும் கூடாது, வேறு யாருக்கும் கொடுக்கவும் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ட்யூபில் பாதி மிச்சமிருந்தது. கொழுந்தனைக் கட்டிக்கொண்டு புதிதாக வந்திருந்த பிரவீணாவின் கையில் அதைக் கொண்டுபோய் வைத்தாள். பெண் பார்த்துவிட்டு வந்த அன்றே, “மூக்கும் முழியுமா இருக்கா, நிறந்தான் கொஞ்சம் மட்டு” என்று சொன்னவளும் சுகந்திதான்.

“இது எதுக்குக்கா?”

“மங்குக்கு. ராத்திரியில மிளகளவு எடுத்து, மங்கு இருக்கிற இடத்துல மட்டும் தடவணும். பகல்ல வெயில் படக்கூடாது.” டாக்டர் தனக்குச் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள்.

“எனக்கு மங்கு இருக்காக்கா? எங்க?”

கேட்டுவிட்டுப் பிரவீணா ஜன்னல் வெளிச்சத்துக்குத் திரும்பி முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். அதில் கேலியில்லை, குத்தலில்லை. சுகந்தி அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டு தேடினாள். கருகருவென்ற அந்தக் கன்னத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. காது மடல்வரை தேடினாள். தன் காதுதான் சுட்டது. ஒன்றுமில்லை என்று சொல்லி ட்யூபைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். வாங்கினால், எதற்காகக் கொடுத்தாள் என்பது அந்த வெளிச்சத்திலேயே தெரிந்துவிடும்.

“இதோ, இங்க. லேசாத்தான்,” என்று எங்கேயோ விரலை வைத்தாள்.

ஒரு வாரம் கழித்து, காலையில் காபி வாங்க அடுக்களைக்கு வந்த பிரவீணா அதே கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள். விரல் வைத்த இடம் மட்டும் கன்றித் தடித்திருந்தது.

“இப்பக் கொறஞ்சிருக்காக்கா?”