எக்ஸோஸ் சூடு

பிரிக்பீல்ட்ஸில் கிளம்பியதிலிருந்து லோகனின் காருக்குப் பின்னாலேயே ஒரு மோட்டார் பைக் வந்தது. ஓட்டியவன் ஹார்ன் அடித்து, காரின் பின்புறத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினான்.

லோகன் நிறுத்தவில்லை. இப்படி நிறுத்தச் சொல்லிக் கொள்ளையடிக்கும் கதைகள் எத்தனை கேட்டிருக்கிறான்! இன்னும் வேகமாக மிதித்தான்.

கிள்ளானில் சிவப்பு விளக்கு மறித்தது. மோட்டார்க்காரன் கண்ணாடியைத் தட்டினான்.

"பாஸ், எக்ஸோஸ் பைப்புக்கு நேரா சைக்கிளை மாட்டியிருக்கீங்க. டயர் புகையுது லா!"

அவ்வளவுதானா! லோகனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஓரங்கட்டி இறங்கி ஓடினான். பின்பக்க ரேக்கில் தொங்கிய சைக்கிளின் டயர் இளகிப் புகைந்துகொண்டிருந்தது. மோட்டார்க்காரன் தன் போத்தல் தண்ணீரை அதன்மேல் ஊற்றினான்.

"ரொம்ப நன்றிண்ணே. இனிமே டயரை அந்தப் பக்கமாத் திருப்பி மாட்டுறேன்."

"சைக்கிள் மேல ஒட்டுன புது ஸ்டிக்கரும் சூட்டுல சுருண்டுக்கிச்சு, பாருங்க. அடியில பேரு இருக்கு. சிவநேசன். நீங்களா?"

லோகன் ஸ்டிக்கரை அவசரமாக அழுத்தி ஒட்டினான். "ஆமாண்ணே, நான்தான்."

மோட்டார்க்காரன் ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"நீங்க சிவநேசன்னா, காலையிலேருந்து சைக்கிளைத் தேடிக்கிட்டிருக்கிற நான் யாரு?"