பச்சை வாசம்

பார்வை போன பிறகு வந்த முதல் ஐப்பசியிலும், பைன் போன்சாயின் பழைய ஊசியிலைகளைத் தானேதான் பிடுங்குவேன் என்று அருமைநாயகம் உட்கார்ந்துவிட்டார். இருபத்தாறு வருடமாகத் தொட்டியில் ஒரு முழத்துக்கு மேல் உயர விடாமல் அவர் வளர்த்த மரம். முற்றிய இலை இழுத்ததும் வந்துவிடும், இளசு பிடித்துக்கொள்ளும், விரலுக்கே தெரியும் என்றார். இளசு போனால் கிளை பட்டுவிடும்.

மனைவி எஸ்தர் எதிரே அமர்ந்து, விழுவதைத் தட்டில் ஏந்தினாள். முதலில் பழுப்பாகவே விழுந்தன. பிறகு ஒரு பச்சை விழுந்தது. சத்தமில்லாமல் எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள். அப்புறம் இன்னொன்று. ஒரு கிளை முடிவதற்குள் கை நிறைந்துவிட்டது.

"பச்சை எதுவும் விழலையே?"

"இல்லைங்க. எல்லாம் பழுப்புதான்."

அவர் விரல்கள் நின்றன. முகத்தை அவள் பக்கம் திருப்பினார்.

"பழுப்புக்கு இந்த வாசம் வராதே, எஸ்தரு."

அவள் கையைத் திறந்தாள். அவர் துழாவி, இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு அவளுடைய ஆள்காட்டி விரலைப் பிடித்து, அடுத்த கிளையில் கொண்டுபோய் வைத்தார்.

"இது என்ன நிறம்?"