பொறி நீலமா, மஞ்சளா?

"பொறி நீலமா வருதா, மஞ்சளா வருதா? நல்லாப் பாத்துச் சொல்லுங்கண்ணே!"

காரின் முன்பக்கத்தில் இரும்புக் கைப்பிடியைச் செருகிச் சுற்றிக்கொண்டே கத்தினான் மெக்கானிக் சொக்கு. மின்பொறி கிளப்பும் காயிலிலிருந்து வரும் ஒயரை இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடித்தபடி இன்னும் கிட்டக் குனிந்தார் டிரைவர் பூமிநாதன்.

"அண்ணே, உங்களத்தான்!"

"எனக்கு இது பிடிபடலப்பா. நீ வந்து பாரு, நான் சுத்துறேன்."

சொக்குவுக்கு எரிச்சலாக இருந்தது. இருபத்தோரு வருஷம் இதே காரை ஓட்டிய மனுஷருக்குப் பொறி பார்க்கத் தெரியாதா? கப்பலில் கார் வந்து இறங்கிய நாளிலிருந்து வேறு யாரையும் அதன் ஸ்டீரிங்கைத் தொடவிட்டதில்லை அவர்.

காரைக்குடியிலிருந்து கானாடுகாத்தானுக்கு இந்த மாதத்தில் மட்டும் நாலாவது தடவையாக பஸ் ஏறி வந்திருக்கிறான் சொக்கு. முதலில் பேட்டரி ஒயர் கழன்றது. பிறகு கார்புரேட்டரில் மண். போன வாரம் டைனமோ பெல்ட். இன்றைக்கு அடியோடு படுத்துவிட்டது.

"ரெண்டு மாசம் முந்தி கேட்டுத் தூணுல இடிச்சீக. பிரேக் பிடிக்கலன்னு சொன்னீக. பிரிச்சுப் பாத்தா பிரேக்குல ஒரு குறையும் இல்ல. இந்த வண்டிக்குப் பேய்தான் பிடிச்சிருக்கு" என்று முணுமுணுத்தான்.

பூமிநாதன் சுற்றினார். ஐம்பத்தெட்டு வயது உடம்பு, இரண்டு சுற்றிலேயே மூச்சு வாங்கியது.

"காயிலுல நீலமா வருது, நல்ல பொறி" என்றான் சொக்கு. "பிளக்குல சுத்தமா இல்ல. லைட்டு எரியுது, ஹாரன் அடிக்குது. பேட்டரிமேல பழி இல்ல. நடுவுல ஏதோ பொறிய முழுங்குது."

பிளக்கைக் கழற்றும்போது சின்ன நட்டு ஒன்று மண்ணில் விழுந்தது. சொக்கு எவ்வளவு தேடியும் அகப்படவில்லை. பூமிநாதன் உட்கார்ந்து மண்ணைத் தடவி, ஒரு நொடியில் எடுத்துக் கொடுத்தார்.

பொறியைப் பிளக்குகளுக்குப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்தான் சொக்கு. உள்ளே சுற்றும் ரோட்டரை உருவி, ஷெட்டுக்கு வெளியே வெயிலில் காட்டினான். கட்டைவிரல் அளவுச் சாமான்.

"இந்தா, கள்ளன் ஆப்புட்டான்! மயிரிழை மாதிரி விரிசல். தெரியுதாண்ணே?"

பூமிநாதன் வாங்கி நகத்தால் வருடினார். "ஆமா. தட்டுது."

"புதுசு ஒண்ணு போட்டா அடுத்த நிமிசம் ஓடும். ஆனா இது சீமைச் சாமான். இப்பல்லாம் வாரதில்ல. மெட்ராஸ் பூராச் சலிச்சாலும் கிடைக்காது."

முதலாளி அழகுசுந்தரம் செட்டியார் விசிறியோடு வந்து நின்றார். "என்னப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடுமா? மக தேனம்மை மெட்ராஸ்லருந்து பிள்ளையத் தூக்கிக்கிட்டு வாரா. பேரனுக்குக் குன்றக்குடியில முடி இறக்கணும்."

"இனி ஓடாது முதலாளி. பழைய இரும்புக்குப் போட வேண்டியதுதான்."

ஓட்டக் கார் இல்லாத டிரைவருக்கு அந்தப் பெரிய வீட்டில் என்ன வேலை இருக்கப்போகிறது? பூமிநாதன் செட்டியாரைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வண்டிய வித்துருங்க முதலாளி. என்னைய மட்டும் வெளிய அனுப்பிராதீக. கேட்டுக்குக் காவலாப் போடுங்க. ஒரு ஓரமாக் கிடந்துக்கிடுறேன்."

சொக்குவுக்கே பாவமாகப் போய்விட்டது. செட்டியாரோ சிரித்தார்.

"கிறுக்கா! உன்னையப் போயி கேட்டுல நிறுத்துவேனா?" இடுப்பிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். "அம்பாசடர்! எழுதிப்போட்டு நாலு வருசம் காத்துக் கிடந்து, இன்னைக்குத்தான் காயிதம் வந்துச்சு. புதன்கிழமை நீ மெட்ராசுக்கு ரயில் ஏறு. வண்டிய எடுத்துக்க. அப்படியே தேனம்மையையும் பேரனையும் ஏத்திக்கிட்டு வந்துரு. வேற எவனை நம்பியும் என் பேரனை அனுப்ப மாட்டேன், பூமி."

பூமிநாதன் அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"சந்தோசத்துல அழுகுறான். அழுகட்டும், விடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார் செட்டியார். இப்படி ஒரு முதலாளி கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே பஸ்ஸுக்குக் கிளம்பினான் சொக்கு.

தெருமுனையில் சோற்றுத் தூக்குவாளியோடு நின்றிருந்தாள் பூமிநாதனின் மனைவி சின்னத்தாயி. உச்சி வெயில் கொளுத்தியது. சுவரைத் தொட்டுத் தொட்டு வந்த கணவரை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"என்ன சொன்னாக? காவல் வேலை தாரேன்னாகளா?"

அவர் மடியை அவிழ்த்தார். அதிலிருந்ததை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். காரிலிருந்து அவரே கழற்றி ஒளித்திருந்த, விரிசல் இல்லாத, நல்ல ரோட்டர்.

"புதுக் கார் வருதாம்டி. அந்தப் பச்சைப் பிள்ளைய ஏத்திக்கிட்டு மெட்ராஸ்லருந்து நான்தான் ஓட்டிட்டு வரணுமாம். இந்த வெயில்ல, எதுக்க நிக்கிற உன் மொகமே எனக்குத் தெரியலன்னு அவுககிட்ட இனி எப்படிடீ சொல்லுவேன்?"