யசோதினி வீட்டு ஏசி

“மெயினை ஆஃப் பண்ணிட்டியா? மொதல்ல அதச் சொல்லு!” என்று கட்டாரிலிருந்து கத்தினான் ஜனகன்.

“ஸ்டூல்ல ஏறுறதுக்கு முந்தியே பண்ணிட்டேங்க. கத்தாதீங்க, போன் ஸ்பீக்கர்ல இருக்கு.”

இலங்கையில், பதுளையில், பின்பக்கச் சுவரில் மாட்டியிருந்த ஏசியின் வெளிப்பெட்டிக்கு முன்னால் நின்றிருந்தாள் அவன் மனைவி யசோதினி. கழற்றிய நாலு ஸ்க்ரூவையும் துப்பட்டா நுனியில் முடிந்து வைத்திருந்தாள்.

ஜனகன் ஏழு வருடமாகக் கட்டாரில் ஏசி மெக்கானிக். போன லீவில் வந்தபோது வீட்டிலும் ஒரு ஏசியை மாட்டிவிட்டுப் போனான். அதிலிருந்து, சரியாக அவன் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து, ஏசி மக்கர் பண்ணுகிறது என்று யசோதினி போன் போட்டுவிடுவாள்.

இன்றைக்கு மாலை ஐந்து மணிக்கு அவன் மேலும் இரண்டு வருட வேலைக்குக் கையெழுத்து வைக்க வேண்டும். அதற்குள் அவன் மனசை எப்படியாவது மாற்றிவிட வேண்டும் என்றிருந்தாள் யசோதினி.

“என்ன பண்ணுது?”

“உள்ள ஃபேன் ஓடுது. வெளிய இருக்கிறது ‘ம்ம்ம்’னு மொனகுது, ஆனா சுத்த மாட்டேங்குது. தெறந்து பாத்தா கெப்பாசிட்டர் மண்டை புடைச்சு நிக்குது.”

“போன மாசம்தானே கெப்பாசிட்டர் மாத்துனோம்? அதுக்குள்ளயா?”

“புடைச்சிருக்கே. நான் என்ன செய்ய?”

“போன வாரம் தண்ணி ஒழுகுச்சு. அதுக்கு முந்தி ரிமோட்டுக்கு அசையல. சனி புடிச்ச மெஷின்! டவுன்ல கரண்டு வேல பாக்குற பாஸ் யாரையாவது கூப்பிட்டுக் காட்டேன்.”

“ஆம்பள இல்லாத வீட்டுல, படுக்கிற ரூமுக்குள்ள பாஸை எப்படிங்க விடுறது?”

ஜனகன் தணிந்தான்.

“சரி, கெப்பாசிட்டரைத் தொட்டுடாத. அதுல கரண்டு தங்கியிருக்கும். மொதல்ல...”

“அந்தக் கரண்டை எறக்கியாச்சு. முப்பத்தஞ்சு மைக்ரோ, அதே நம்பர்ல புதுசு கையில இருக்கு. வயர் எது எங்கன்னு போட்டோவும் எடுத்துட்டேன்.”

“அப்புறம் எதுக்குடி எனக்கு கோல் எடுத்த?”

“நான் பண்றது சரியான்னு ஒருத்தர் சொல்ல வேணாமா? அதோட, உங்க சத்தமும் கேட்ட மாதிரி இருக்கும்.”

ஜனகன் சிரித்துவிட்டான். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டாள் யசோதினி.

“கையெழுத்து வெக்காதீங்க. போதும், ஊருக்கு வந்துருங்க.”

“வந்து? பக்கத்துல பண்டாரவளைக்காரன் மலைக்குளிருக்குக் கம்பளியப் போத்திக்கிட்டுத் தூங்குறான். பதுளையில ஏதோ நாலு வீட்டுல ஏசி இருக்கும். அதுலயும் கெட்டுப்போறது நம்மளோடது ஒண்ணுதான். ஏசி மெக்கானிக் அங்க வந்து என்ன பண்றது, ஈ ஓட்டுறதா?”

யசோதினி புதுக் கெப்பாசிட்டரை மாட்டினாள். போட்டோவைப் பார்த்து வயர்களைச் செருகினாள், மூடியைப் பூட்டினாள், இறங்கிப் போய் மெயினைப் போட்டாள். ஃபேன் ஒரு தரம் உறுமிவிட்டு விர்ரென்று சுற்ற ஆரம்பித்தது. அவளுக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

உள்ளேயிருந்து ஒரு குழந்தை களுக்கென்று சிரித்தது.

“அது யாரோட புள்ள?” என்றான் ஜனகன்.

“வீடியோவுக்கு வாங்க, காட்டுறேன்.”

போனில் ஒரு பச்சைச் சுவர் தெரிந்தது. அதில் அவன் மாட்டாத ஒரு ஏசி. கீழே கட்டிலில், வேர்க்குரு நிறைந்த ஒரு குழந்தை குளிர்காற்றுக்குக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

“ஏய், இது யாரு வீடு?”

“நம்ம தெரு ஸிஹாமா அக்கா வீடு. போன மாசம் கெப்பாசிட்டர் மாத்துனது நளீரா டீச்சர் வீட்டுல. ஆம்பளைங்க எல்லாம் பகல்ல கடைக்குப் போயிடுறதால இந்தத் தெருவே என்னையத்தான் கூப்பிடுது. இப்ப கடைகளுக்கும் வரச் சொல்றாங்க, ஒத்தையா சமாளிக்க முடியல,” என்றாள் யசோதினி. “நம்ம வீட்டு ஏசி ஒரு நாளும் கெட்டதே இல்லைங்க. பேசாம வந்து எனக்கு ஹெல்ப்பரா சேர்ந்துருங்க!”