ஃப்ரீசரில் வைத்த வாழ்த்து

எங்கள் அலுவலகத்தில் யாருக்குப் பிறந்தநாள் என்றாலும் கேக் என் வீட்டிலிருந்துதான்.

இந்த முறை பக்கத்து சீட்டுப் பெண்ணுக்கு. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து "அக்கா, அக்கா" என்று என்னைச் சுற்றி வருபவள். வாழ்த்தை இடவலம் மாற்றி அச்சடித்து மேனேஜரே என்னிடம் கொடுத்தார். அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறவர். "எனக்கப்புறம் இந்த நாற்காலி உனக்குத்தாம்மா" என்று பார்க்கும்போதெல்லாம் சொல்பவர்.

சமையலறையில் எட்டிப் பார்த்தார் கணவர். "என்ன பண்ற?"

"இந்தத் தாள் மேல பட்டர் பேப்பரைப் போட்டு, கோட்டு மேலயே க்ரீமைப் பிழியணும். ஃப்ரீசர்ல வெச்சா கல்லாயிடும். அப்புறம் கேக் மேல கவுத்துப் பேப்பரை உரிச்சா எழுத்து நேராயிடும்."

"என்ன எழுதியிருக்கு?"

"படிக்கவே கூடாதுங்க. படிச்சா கை தானா நேரா எழுதிடும். எனக்கு இது வெறும் கோடுதான்."

மறுநாள் அலுவலகத்தில், உறைந்த க்ரீமை ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து, எல்லோர் முன்னாலும் கேக்கின் மேல் கவிழ்த்துப் பேப்பரை உரித்தேன். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

'எங்கள் புதிய மேனேஜருக்குப் பிறந்தநாள் வாழ்த்துகள்.'

எல்லோரும் கை தட்டினார்கள். மேனேஜர் மட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் கண் கலங்க, முதல் துண்டை என் வாயருகே நீட்டினாள்.

"உங்க நாற்காலியாச்சேன்னு எனக்கு மனசே கேக்கலக்கா. சார்தான் சமாதானம் சொன்னாரு. நீங்களே வேணாம்னுட்டீங்களாம். வாழ்த்தைக்கூட உங்க கையாலதான் எழுதுவேன்னு கேட்டு வாங்கிட்டுப் போனீங்களாமே."

பதில் சொல்ல வாயைத் திறந்தேன்.

கேக்கை ஊட்டிவிட்டாள்.