தாமரை இன்னும் வேலையில்

என் மனைவி தாமரைச்செல்வி இறந்து ஐந்து மாதமாகிறது. காப்பீட்டு நிறுவனத்தின் கால் சென்டரில் புதியவர்களுக்குப் பயிற்சி தந்தவள். இப்போதும் தருகிறாள். அவர்கள் தடுமாறும்போது காதுக்கருவியில் அவள் குரல் திருத்துகிறது; அவளுடைய பழைய பதிவுகளைக் கொண்டு நிறுவனம் உருவாக்கிய செயற்கை நுண்ணறிவுக் குரல். அதை நீக்கச் சொல்லிக் கையெழுத்துப் போடப் போனேன்.

“ஒரு தடவை கேட்டுட்டுப் போடுங்க சார்,” என்றார் மேலாளர்.

பெனாசீர் என்ற புதுப்பெண்ணின் பக்கத்தில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். மறுமுனையில் ஒரு பெண், கணவரின் இறப்புச் சான்றிதழை எங்கே அனுப்புவது என்று கேட்டுவிட்டு அழுதாள். பெனாசீர் அவசரமாகப் பாலிசி எண்ணைக் கேட்க வாயெடுத்தாள்.

“ஏய், சும்மா இருடி,” என்றாள் தாமரை. “அவங்க அழுது முடிக்கட்டும். நம்பர் எங்கயும் ஓடிடாது.”

பெனாசீர் காத்திருந்தாள்.

“லைன்ல இருக்கியாம்மா?” என்றது மறுமுனை.

“இருக்கேங்க்கா.”

இந்த ஐந்து மாதத்தில் என்னிடம் எல்லா அலுவலகங்களும் எண்ணைத்தான் முதலில் கேட்டன.

அழைப்பு முடிந்ததும் பெனாசீர், “தாமரை அக்கா ரொம்பத் திட்டுவாங்க சார்,” என்றாள்.

“வீட்டுலயும் அப்படித்தான்.”

மேலாளர் பேனாவை நீட்டினார்.

“உயிரோட இருந்தப்பவே அவள வேலைய விடச் சொன்னதில்ல சார்,” என்றேன். “இப்பவா சொல்லப்போறேன்?”