சாட்சிப் பழம்

வீட்டு மரம் காய்க்கக் கூடாது என்று சட்டம் வந்து நாலு வருஷமாகிறது. காய்க்கிற உரிமை விதைக் கம்பெனித் தோட்டங்களுக்கு மட்டும்தான். மங்கையர்க்கரசி வீட்டு எலுமிச்சைக்கு இதெல்லாம் எங்கே தெரிகிறது? கொத்துக் கொத்தாகக் காய்த்துத் தொலைத்தது.

சோதனைக்கு ஆள் வருகிறது என்றதும், பழங்களை ஒன்று விடாமல் பறித்து அரிசி டிரம்முக்குள் புதைத்துவிட்டாள்.

அதிகாரி தணிகைவேல் கருவியோடு மரத்தை மூன்று சுற்றுச் சுற்றினார்.

"காய்ச்ச அடையாளமே இல்லம்மா. ரொம்ப ஒழுக்கமான மரம்" என்று சான்றிதழை நீட்டினார்.

அவளுக்கு மனசு நிறைந்துபோனது. வீடு தேடி வந்த பெரிய மனுஷரை வெறுங்கையோடு அனுப்பலாமா? உள்ளே ஓடி, ஒரு எலுமிச்சம்பழத்தைத் தட்டில் வைத்துக் கொண்டுவந்து, மரியாதையாகக் குனிந்து நீட்டினாள். அவரும் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அப்புறம்தான் இருவருக்கும் உறைத்தது. கொடுத்தால் ஆறு மாசம் ஜெயில், வாங்கினால் ஒரு வருஷம்.

அதிகாரி தெருப்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"சீக்கிரமா ஜூஸ் போடுங்கம்மா" என்றார். "வடிகட்ட வேணாம். கொட்டையையும் சேர்த்தே முழுங்கிடறேன்."